ஊட்டியிலிருந்து இறங்கும்போது காது ஏன் அடைக்கிறது?

மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டரில். பேருந்து ஏறி முடிப்பதற்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். நடுக்காதில் விரியும் காற்று, மூக்கின் பின்புறம் திறக்கும் யூஸ்டேஷியன் குழாய் வழியே பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும்.

வம்பு இறங்கும்போதுதான். வெளி அழுத்தம் கூடக் கூடச் செவிப்பறை உள்வாங்கும். குழாயோ நனைந்த காகித உறைபோல ஒட்டிக்கொள்ளும். சளி பிடித்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

காதிரைச்சல் உள்ளவர்களுக்கு இன்னொரு தொல்லை. அடைத்த காதில் வெளிச்சத்தம் மங்க, உள்ளே ஒலிக்கும் 'ங்ஙொய்' மட்டும் தூக்கலாகக் கேட்கும். இரைச்சல் முற்றிவிட்டதோ என்று பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அதை மறைத்திருந்த சத்தம்தான் குறைந்திருக்கிறது.

விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் தசைகள் குழாயைத் திறக்கும். ஆகவே இறக்கத்தில் தூங்காமல் மிட்டாய் சப்பலாம். மூக்கைப் பொத்தி ஊதுவதானால் மெதுவாக. அடைப்பு நாட்கணக்கில் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.