ஒன்றரை ஷிப்ட் கேட்கும் கேள்வி

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர் காலை எட்டரைக்கு பவர் டேபிளில் உட்கார்ந்தால், எழுந்திருக்க இரவு எட்டரை, ஒன்பது ஆகிவிடும். அறைக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிடும்போது மணி பத்தைத் தாண்டும். ஏற்றுமதி ஆர்டர் நெருக்கினால் விடியவிடிய வேலை. நெஞ்செரிச்சல் வந்தால் மெடிக்கலில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு அடுத்த ஷிப்டுக்குப் போய்விடுவார்கள். கல்லீரல் அந்த அளவுக்குக்கூடக் குரல் கொடுப்பதில்லை. கொழுப்பு சேர்ந்து, தழும்பேறி, சுருங்கும்வரை பெரும்பாலும் வலியே இருக்காது.

சாப்பாட்டு நேரத்துக்கும் கல்லீரலுக்கும் என்ன தொடர்பு? உடலின் தலைமைக் கடிகாரம் மூளையில் இருக்கிறது. அது வெளிச்சத்தை வைத்து ஓடுகிறது. கல்லீரலுக்கும் சொந்தமாக ஒரு கடிகாரம் உண்டு. 2000ஆம் ஆண்டில் ஜெனீவா ஆய்வாளர்கள் எலிகளுக்கு, அவை வழக்கமாக உறங்கும் பகல் நேரத்தில் மட்டும் தீனி கொடுத்தார்கள். சில நாட்களில் கல்லீரல் கடிகாரம் தலைகீழாகத் திரும்பிவிட்டது. மூளைக் கடிகாரம் அசையவில்லை. கல்லீரல் கடிகாரத்தை நகர்த்தியது சாப்பாட்டு நேரம்தான். ஒல்லியாக இருப்பதாலேயே கல்லீரல் கொழுப்பிலிருந்து தப்பித்துவிடவும் முடியாது. உழைத்துப் பிழைக்கும் மெலிந்த மக்களே அதிகம் உள்ள மேற்கு வங்கக் கிராமங்களில், நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்பது பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு இருப்பதை 2010இல் வெளியான ஆய்வு காட்டியது.

அப்படியானால் ஆண்டுக்கணக்கில் ஷிப்ட் பார்ப்பவரின் கல்லீரல் என்ன ஆகிறது? இந்தக் கேள்விக்குத் திருப்பூரைவிடப் பொருத்தமான களம் அரிது. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்து வைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று இங்கேதான் இருக்கிறது. அங்கே படிப்பவர்களில் சிலராவது குடல், கல்லீரல் நோய்களை ஆராயும் விஞ்ஞானிகளாக வேண்டும். ஆய்வில் சேர்ந்தவரைக் கடைசிவரை தவறவிடாமல் பின்தொடர்வதுதான் அவர்கள் முதலில் கற்க வேண்டிய பாடம்.

ஏன் என்பதைக் கீழாநெல்லியின் கதை சொல்லும். மஞ்சள்காமாலைக்கு நம் வீடுகளில் அரைத்துக் கொடுக்கும் இந்தச் செடியை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமப்பவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பர்க்கும் அதில் பங்கேற்றார். 1988இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது: மூலிகை சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்தது, போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற நாடுகளில் அடுத்தடுத்து நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அந்த எண்களைப் பார்க்கும் இளம் ஆய்வாளர் கேட்க வேண்டியவை பல. இரு குழுக்களும் ஏன் சமமாக இல்லை? பாதியில் நின்றவர்கள் யாராவது உண்டா? அவர்களுக்கு என்ன ஆயிற்று? இவ்வளவு சிறிய எண்ணிக்கையை எந்த அளவுக்கு நம்பலாம்?

பின்தொடர்வதில் நம் மாநிலத்திலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் தீராத வயிற்றுப்போக்கும் உடல் மெலிவும் தருகிற ஸ்புரூ நோய் பரவியபோது, வேலூர் சிஎம்சியின் செல்வின் பேக்கரும் இளம் மருத்துவரான வி.ஐ. மாதனும் அந்தக் கிராமங்களிலேயே நோயை ஆராய்ந்தார்கள். மாதனிடம் பயின்ற ககன்தீப் காங், பின்னாளில் வேலூரின் குடிசைப் பகுதிகளில் பிறந்த 452 குழந்தைகளை ஆய்வில் சேர்த்தார். களப் பணியாளர்கள் வாரம் இருமுறை வீடு தேடிப் போனார்கள். மூன்றாண்டு முடிவில் 373 குழந்தைகள் ஆய்வில் நீடித்தார்கள். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் ஒருமுறை தாக்கிய குழந்தைக்கு, மெக்சிகோவில் கண்ட அளவு பாதுகாப்பு இங்கே கிடைப்பதில்லை என்று 2011இல் தெரியவந்தது. அந்த உண்மை ஆய்வுக்கூடத்துக்குள் உட்கார்ந்திருந்தால் கிடைத்திருக்காது.

திருப்பூரில் இது இன்னும் கடினம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் நம் தென்மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சத் பூஜைக்கும் ஊருக்குப் போவார்கள். திரும்பி வந்ததும் கம்பெனி மாறுவார்கள், போன் நம்பரும் மாறும். ஆகவே இங்கே பயிலும் ஆய்வாளருக்குப் புள்ளியியலோடு கொஞ்சம் இந்தியும் ஒடியாவும் வேண்டும். தொழிலாளிக்கு ஓய்வுள்ள ஞாயிற்றுக்கிழமையில் அவர் அறைக்கே போக வேண்டும். ரத்தப் பரிசோதனை முடிவு கம்பெனிக்குத் தெரியாது என்று உறுதி தந்து, அதைக் காப்பாற்ற வேண்டும். ஹெபடைடிஸ் இருப்பது தெரிந்தால், 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் இலவச சிகிச்சையில் அவரைச் சேர்த்துவிட வேண்டும். தனக்கும் நன்மை உண்டு என்று தெரிந்தவர்தான் அடுத்த முறையும் கையை நீட்டுவார்.

நாலு கட்டுரை வெளியிட்டால் ஆய்வாளர் என்று எண்ணும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. திருப்பூரின் இளம் மருத்துவர்களுக்கு வேறு அளவுகோல் வைப்போம்: இன்று ஆய்வில் சேரும் தொழிலாளர்களில் எத்தனை பேரின் கல்லீரல் எப்படி இருக்கிறது என்பதை ஐந்தாண்டு கழித்தும் அவர்களால் சொல்ல முடிகிறது? பயிற்சிக்கான மதிப்பெண்ணை அதற்கே கொடுக்க வேண்டும்.