ஒரு பில், நான்கு கணக்கு: வணிகர்கள் கவனத்துக்கு

விற்பனை வரிக் காலத்தை நம் வணிகப் பெருமக்கள் மறந்திருக்க மாட்டார்கள். விற்பனை வரிக்கு ஓர் எண், மத்தியக் கலால் வரிக்கு வேறோர் எண், சேவை வரிக்கு இன்னோர் எண். ஓர் அலுவலகத்தில் நாம் கொடுத்த கணக்கை அடுத்த அலுவலகம் அறியாது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபின் எண் ஒன்றாயிற்று. அந்த 15 இலக்கங்களில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழகத்துக்கு 33. அடுத்த பத்து நமது பான் எண்.

எண் ஒன்றானால் மட்டும் போதாது. கம்ப்யூட்டர்களும் ஒரே பாஷை பேச வேண்டும். ஊருக்கு ஊர் வேறுபட்ட சேரும் வீசையும் போய், 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடெங்கும் கிலோ வந்தது போல, பில்லுக்கும் ஒரே அமைப்பு வகுக்கப்பட்டது. அதுவே இ-இன்வாய்ஸ். 2017-18 முதல் ஏதேனும் ஓர் ஆண்டில் 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் கண்டவர்கள், பதிவு பெற்ற வியாபாரிக்கு விற்கும்போது அதைப் போட வேண்டும் என்பது 2023 ஆகஸ்ட் 1 முதல் உள்ள விதி.

நாம் எந்த பில்லிங் சாப்ட்வேர் வைத்திருந்தாலும் சரி, ஒருமுறை பதிந்த பில் நான்கு இடங்களுக்குப் போகிறது. இ-இன்வாய்ஸ் தளத்தில் பதிவாகிறது, இ-வே பில்லின் முதல் பகுதியை நிரப்புகிறது, விற்றவரின் ஜி.எஸ்.டி.ஆர்.-1 கணக்கில் ஏறுகிறது; வாங்கியவரின் 2பி பட்டியலில் வரவாகிறது. நான்கு முறை எழுதும் வேலை மிச்சம்.

ஆனால் பிழையும் அதே வழியில் நான்கு இடங்களுக்கும் போகும். சப்ளையர் நம் எண்ணுக்குப் பதில் வேறொரு வியாபாரியின் எண்ணைப் போட்டுவிட்டால், வரி வரவு அவர் கணக்குக்குப் போய்விடும். 2022 ஜனவரி 1 முதல், சப்ளையர் கணக்கில் காட்டி 2பி-யில் வராத பில்லுக்கு வரவு எடுக்க முடியாது. ஒரு லட்ச ரூபாய்ச் சரக்குக்கு 18 சதவீத வரி என்றால், பில் கையில் இருந்தும் 18,000 ரூபாய் நம் முதலில் முடங்கும்.

ஆகவே சில யோசனைகள்:

மாதந்தோறும் 14-ஆம் தேதி வரும் 2பி-யைக் கொள்முதல் புத்தகத்துடன் ஒத்துப் பாருங்கள். வராத பில்லுக்கு உடனே சப்ளையரைக் கேளுங்கள். பாக்கியைத் தீர்ப்பது அதன் பிறகு இருக்கட்டும்.

நமக்குச் சேராத பில் வந்திருந்தால், 2024 அக்டோபர் முதல் தளத்திலேயே நிராகரிக்கலாம். சும்மா விட்டால் ஏற்றதாகவே கொள்ளப்படும்.

நாம் போட்ட இ-இன்வாய்ஸ் தவறானால் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். தாமதித்தால் அந்தத் தளத்தில் ரத்து செய்ய முடியாது.

கணக்குப்பிள்ளையும் ஆடிட்டரும் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடாமல், மாதம் ஒரு மணி நேரம் நாமும் உடன் அமர்வது நம் முதலுக்குக் காப்பு.