தோற்றது அணி, துடிப்பது நெஞ்சு!

2023 நவம்பர் 19, அகமதாபாத். உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் நம்ம ஆட்கள் எடுத்தது 240. டிராவிஸ் ஹெட் ஒருவரே 137 அடித்துக் கோப்பையைப் பறித்துவிட்டார். எங்கள் எறையூரில் அதைச் சொன்னால் இன்றைக்கும் சிலருக்கு முகம் வாடும்.

அந்த மாதிரி நேரத்தில் நாடி படபடக்கும். பித்தம் மிஞ்சியது என்போம் நாங்கள். அட்ரினலின் சுரந்து ரத்த அழுத்தம் ஏறியது என்பார்கள் ஆங்கில மருத்துவர்கள். வாலிபப் பிள்ளைகள் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்.

இதய நோய்க்கு மாத்திரை சாப்பிடும் அப்பாக்களின் கதை வேறு. 2006 உலகக் கால்பந்தில் ஜெர்மனி ஆடிய நாட்களில், மியூனிக் பகுதியில் இதயக் கோளாறால் அவசர சிகிச்சை தேடியவர்கள் வழக்கத்தைவிட இரண்டரை மடங்குக்கும் மேல்!

ஆகவே மேட்ச் முடிந்ததும் அவர் நெஞ்சை அழுத்துது, வியர்க்குது என்றால் 'வாயுதான்' என்று சுக்குக் கஷாயம் காய்ச்சிக்கொண்டு நிற்காதீர்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், உடனே 108-க்குப் போன் போடுங்கள்.