வெட்டுவான் கோயில்: மேலிருந்து கீழே

கழுகுமலை என்றாலே முருகன்தான். அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடிய கழுகாசலமூர்த்தி. கோவில்பட்டியில் பஸ் ஏறி வருகிற கூட்டம் அவரைக் கும்பிட்டுவிட்டு அப்படியே ஊர் திரும்பிவிடுகிறது. அதே மலையில் கொஞ்சம் படியேறினால் வெட்டுவான் கோயில். அங்கே வருகிற ஆட்கள் குறைவு. கல் கொத்திப் பிழைக்கிறவன் நான். எனக்கு இது பெரிய வருத்தம்.

கோயில் என்றால் கீழேயிருந்து எழுப்புவார்கள். அதிட்டானம், சுவர், விமானம், கடைசியில்தான் கலசம். இங்கே எல்லாம் தலைகீழ். மலைச்சரிவில் சுமார் 25 அடி ஆழத்துக்கு மூன்று பக்கமும் பாறையை வெட்டி எடுத்திருக்கிறார்கள். நடுவில் விட்டுவைத்த ஒற்றைப் பாறைதான் கோயில். கலசத்தில் தொடங்கிக் கீழே இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது வேலை. 8ஆம் நூற்றாண்டு, பாண்டியர் காலம். அதே நூற்றாண்டில் எல்லோராவில் ராஷ்டிரகூடர்கள் கைலாசநாதர் கோயிலை இப்படித்தான் குடைந்தார்கள். அது எவ்வளவோ பெரிது. ஆனால் எல்லோராவின் கல் எரிமலைக் குழம்பு இறுகியது. நம் பாறையின் கடினம் வேறு. உளி முனை மழுங்க மழுங்கக் காய்ச்சித் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த வேலையில் ஒட்டுப்போட வழியே கிடையாது. பட்டறையில் ஒரு சிலையின் விரல் தெறித்தால் வேறு கல் எடுக்கலாம். இங்கே நந்தியின் காது தெறித்தால் அவ்வளவுதான், மலை திரும்பி வளராது. சிகரத்துக்குக் கீழே மூலைக்கொரு நந்தி படுத்திருக்கிறது. அந்த இடத்தில் அத்தனை கல் வேண்டும் என்று, மேலே எண்பட்டைச் சிகரத்தைச் செதுக்கும்போதே கணக்குப் போட்டு விட்டிருக்கிறார்கள். கல் எவ்வளவு எடுப்பது என்பதைவிட எவ்வளவு விடுவது என்பதுதான் எங்கள் தொழிலில் கஷ்டம்.

தென்பக்கம் தட்சிணாமூர்த்தி. ஆலமரத்தடியில் மௌனமாக உபதேசம் செய்பவராகத்தான் அவரை எங்கும் பார்க்கிறோம். இங்கே மிருதங்கம் வாசிக்கிறார். அந்தக் கைகளைப் பாருங்கள். தட்டுகிற கையின் தளர்வு கல்லில் வந்திருக்கிறது. கிழக்கே சிவனும் உமையும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற கணவன் மனைவி மாதிரி.

கூரை வரை இத்தனை நேர்த்தி. அதற்குக் கீழே வேலை நின்றுபோயிருக்கிறது. தூண் வரவேண்டிய இடத்தில் வெறும் முரட்டுக் கல். அதிட்டானம் செதுக்கப்படவேயில்லை. இதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. அப்பன் மேலே சமணச் சிற்பங்களைச் செதுக்கினானாம், மகன் கீழே இந்தக் கோயிலை. பார்த்தவர்கள் மகனைப் புகழ, பொறாமையில் அப்பன் உளியை எறிந்து கொன்றானாம். எனக்கு இந்தக் கதை பிடிப்பதில்லை. தன்னைவிட மகன் நன்றாகக் கொத்தினால் சந்தோஷப்படுகிற அப்பன்களையே நான் பார்த்து வளர்ந்தேன். மாமல்லபுரத்து ரதங்களிலும் வேலை முடியாதவை இருக்கின்றன. அங்கெல்லாம் கொலைக் கதை தேவைப்படவில்லை.

மேலே உள்ள அந்தச் சமணச் சிற்பங்களையும் விட்டுவிடக் கூடாது. பாறை முகம் நெடுக வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், ஒவ்வொருவருக்கும் தனி மாடம். கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர்களின் பெயர்கள். குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களின் பெயர்களும் அவற்றில் உண்டு.

வேலை முடியாமல் போனதே என்று வருகிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். எனக்கு அந்த முடியாத பகுதிதான் முக்கியம். முடிந்த சிற்பத்தில் உளி போன வழி தெரியாது, தேய்த்து வழவழப்பாக்கிவிடுவார்கள். இங்கே எதுவரை தோராயமாகக் கொத்தினார்கள், எந்த அளவில் நிறுத்தினார்கள், நேர்த்தி எங்கிருந்து தொடங்கியது என்று எல்லாம் அப்படியே கிடக்கிறது. தொழில் பழகுகிற பையன்களை நான் நிறுத்துவது அந்த அடிச்சுவர் முன்னால்தான். சிகரத்தை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிடுவேன்.