நடுவரும் பயிற்றுநரும்: பள்ளிக் கால்பந்துத் திடலில் ஒரு நோக்கு

பட்டிமன்றத்தில் தீர்ப்புக் கூறுபவரையும் நடுவர் என்கிறோம். கால்பந்துத் திடலில் விசில் ஊதுபவரையும் நடுவர் என்கிறோம். சொல் ஒன்றாயினும் தொழில் தலைகீழானது. பட்டிமன்ற நடுவர் இருதரப்பு வாதங்களையும் அமர்ந்து கேட்டபின் தீர்ப்பு வழங்குகிறார். கால்பந்து நடுவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. ஓடிக்கொண்டே ஒரு நொடிக்குள் தீர்ப்பை முதலில் வழங்கிவிடுகிறார். வாதம் பின்னர்தான் தொடங்குகிறது. பள்ளிப் போட்டிகளில் அவ்வாதத்தைத் தொடங்குபவர் பெரும்பாலும் ஆட்டக்காரர் அல்லர். எல்லைக்கோட்டருகே நிற்கும் பயிற்றுநரே. இவ்விருவருக்குமிடையே நிகழ்வது என்ன, நிகழ வேண்டுவது என்ன என்பதை, இளமையில் சில ஆண்டுகள் அப்பணியைச் செய்தவன் என்னும் முறையில் எழுதத் துணிகிறேன். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று மாணவர்கள் நகைக்கக்கூடும், நகைக்கட்டும்.

முறையீடு என்பது இவ்வாட்டத்தின் தொடக்கக் காலத்திலேயே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் அணிக்கு ஒருவராக இரண்டு அம்பயர்கள் நின்றனர். ஆட்டக்காரர் முறையிட்டாலன்றி அவர்கள் தீர்ப்புக் கூறுவதில்லை. இருவரும் கருத்து வேறுபட்டால், வெளியே நின்ற மூன்றாமவரிடம் வழக்கு அனுப்பப்பட்டது. 'ரெஃபரி' என்னும் சொல்லுக்கே, யாரிடம் வழக்கு அனுப்பப்படுகிறதோ அவர் என்பதுதான் பொருள். 1891-இல் அவர் திடலுக்குள் வந்தார். அம்பயர்கள் கோட்டு நடுவர்களாயினர். முறையீடு இன்றியே தீர்ப்புக் கூறும் உரிமையும் சில ஆண்டுகளில் நடுவர்க்கு வந்து சேர்ந்தது. விதிநூலிலிருந்து முறையீடு மறைந்தது. மனிதர் தொண்டையிலிருந்து மறையவில்லை.

பின்னாளில் இப்பணியை உருவாக்கியவருள் இருவர் பள்ளி ஆசிரியர் என்பது நம்மனோர் அறியத்தக்கது. வாட்ஃபோர்டு நகரப் பள்ளியொன்றில் ஆசிரியராயிருந்த ஸ்டான்லி ரௌஸ், 1934-இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்திற்கு நடுவராயிருந்தார். 1938-இல் ஆட்ட விதிகளைத் திருத்தித் தெளிவுற எழுதினார். 1961 முதல் 1974 வரை பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவராகவும் விளங்கினார். மற்றொருவர் கென் ஆஸ்டன். இவரும் பள்ளி ஆசிரியராயிருந்து தலைமையாசிரியராக உயர்ந்தவர். 1966 உலகக் கோப்பையில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் மோதிய ஆட்டத்தில் எவர் எச்சரிக்கப்பட்டார் என்பதே பலர்க்கு விளங்காமற் போயிற்று. அதைச் சிந்தித்தவாறு இலண்டன் தெருவில் காரோட்டிச் சென்ற ஆஸ்டன், போக்குவரத்து விளக்கின் முன் நின்றபோது, மொழி புரியாத இடத்தில் நிறம் புரியும் என்று கண்டார். மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் நடைமுறைக்கு வந்தன. வகுப்பறையை ஆளத் தெரிந்தவர்க்கே இத்தகைய யோசனை தோன்றும் என்பது என் எண்ணம்.

நம் மாநிலத்தில் குறுவட்டப் போட்டிகளுக்கு வருவோம். அங்கே நடுவரும் உடற்கல்வி ஆசிரியரே. பயிற்றுநரும் உடற்கல்வி ஆசிரியரே. காலையில் நம்மோடு வாதிட்டவர் மாலையில் நம் பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டத்திற்கு விசில் ஊத வருவார். இந்நிலை நடுவர்க்கு அச்சத்தையும் தரும், சலுகை காட்டும் ஆசையையும் தரும். இரண்டும் தீயவை.

பயிற்றுநர் ஏன் சினக்கிறார்? ஆணவம் என்று பலர் எளிதாகச் சொல்லிவிடுவர். நான் அவ்வாறு கருதவில்லை. வெற்றி பெற்ற அணியின் மாணவனுக்குக் கிடைக்கும் சான்றிதழ், விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி வாயிலைத் திறக்கக்கூடியது. தந்தை மீன்பிடிக்கச் செல்லும் வீட்டுப் பையன் ஒருவனுக்கு அத்தாள் எத்துணைப் பெரிது என்பதை நடுவரைக் காட்டிலும் பயிற்றுநர் நன்கறிவார். அவர் கூச்சலிடுவது பல வேளைகளில் அப்பையனுக்காகவே.

மற்றொரு காரணம், அவர் நிற்கும் இடம். ஆஃப்சைடு விதியை எடுத்துக்கொள்வோம். சக ஆட்டக்காரர் பந்தைத் தொட்ட அல்லது உதைத்த கணத்தில் தாக்குநர் எங்கே இருந்தார் என்பதே கணக்கு. பந்தைப் பெற்ற கணத்தில் எங்கே இருந்தார் என்பது அன்று. தாக்குநர் நொடிக்கு 6 மீட்டர் முன்னோக்கி ஓடுகிறார், தடுப்பவர் அதே வேகத்தில் எதிர்த்திசையில் வருகிறார் என்று வைத்துக்கொண்டால், அரை நொடியில் இருவர்க்கும் இடையே 6 மீட்டர் விழுந்துவிடும். பந்தைப் பின்தொடரும் கண் அந்த இடைவெளியை மட்டுமே காணும். கடைசிக்கு முந்தைய தடுப்பாளரின் நேர்க்கோட்டில் நிற்கும் துணை நடுவர்க்கே உண்மை தெரியும்; நடுத்திடலருகே நிற்கும் பயிற்றுநர்க்குக் காட்சி சாய்ந்தே தெரியும். அவர் பொய் சொல்லவில்லை, கண்டதைச் சொல்கிறார். பள்ளி ஆட்டங்களிலோ துணை நடுவர் பெரும்பாலும் கொடியைப் பிடிக்கக் கற்ற மேல்வகுப்பு மாணவனே. ஆகவே உண்மை இரு பக்கமும் ஊசலாடும்.

இனி விதி கூறுவது. அணிக்குழுவினர் நிற்பதற்கென்று ஓர் இடம் வரையறுக்கப்பட்டிருக்கிறது. சிறு கருத்து மாறுபாட்டிற்கு முதலில் வாய்மொழி எச்சரிக்கை போதும். நடுவரைக் கேலி செய்து கைதட்டுதல், தண்ணீர்ப் புட்டியை வீசுதல், எதிரணியினர்க்கு அட்டை காட்டுமாறு சைகை செய்தல் ஆகியவற்றுக்கு மஞ்சள். நடுவரிடம் வாதிடவே அவ்விடத்தைவிட்டு வெளியேறி வருதல், வசைமொழி, திடலுக்குள் புகுந்து மோதுதல் ஆகியவற்றுக்குச் சிவப்பு. 2019 முதல் பயிற்றுநர்க்கும் அட்டைகளைக் காட்டலாம் என விதி ஆயிற்று. இவற்றோடு ஒரு நுட்பமான விதியும் உண்டு. கூச்சலிட்டவர் யாரென்று அறிய இயலாவிடில், அவ்விடத்தில் உள்ள மூத்த பயிற்றுநரே தண்டனையை ஏற்க வேண்டும். தலைமை என்பதன் பொருளை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன சட்டம் பிறிதொன்று நான் கண்டதில்லை.

விதி படிக்கட்டாக இருப்பது ஏறுவதற்கு முன் நிற்பதற்காகவே. ஆட்டம் தொடங்குமுன் இரு பயிற்றுநரிடமும் சென்று கைகுலுக்கி, அவர்கள் நிற்குமிடத்தைச் சுண்ணாம்புத் தூளால் கோடிட்டுக் காட்டிவிட்டால் பாதிச் சண்டை குறையும். சினந்து கேட்பவர்க்கு ஒருமுறை விடை கூறலாம். அவ்விடை ஒரு வரியைக் கடத்தல் ஆகாது. "சார், இழுத்ததை நான் பார்த்தேன்" என்பது விடை. "நீங்கள் விதி படித்ததுண்டா?" என்பது சண்டைக்கு அழைப்பு. பந்து நின்றிருக்கும்போது அருகே நடந்து சென்று தாழ்ந்த குரலிற் பேசுதல் நன்று. முப்பது கெஜம் தள்ளி நின்று விரலை நீட்டுதல் அவரை அவர்தம் பிள்ளைகள் முன் சிறுமைப்படுத்தும். சிறுமைப்பட்டவர் பின்வாங்கமாட்டார். வள்ளுவர் நடுவு நிலைமைக்கு அடுத்து அடக்கமுடைமையை வைத்ததை நான் இப்பணியில்தான் உணர்ந்தேன்.

இது வெறும் நாகரிகம் பற்றிய பேச்சு அன்று. 2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மேரே நகரில், தன் மகன் ஆடிய இளைஞர் ஆட்டத்திற்குத் தன்னார்வத்தோடு கோட்டு நடுவராக நின்ற தந்தை ஒருவர், ஆட்டம் முடிந்தபின் எதிரணியினரால் தாக்கப்பட்டு மறுநாள் உயிரிழந்தார். அவ்வார இறுதியில் அந்நாட்டில் தொழில்முறை சாராக் கால்பந்து ஆட்டங்கள் நிறுத்தப்பட்டன. 2013-இல் ஆறு பதின்பருவத்தினர் தண்டிக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவனுடைய தந்தையும் உடன் தண்டிக்கப்பட்டார். இங்கிலாந்தில் 14 வயதிலேயே நடுவர் பயிற்சி பெறலாம். ஆதலின் அங்கே வசைமொழி கேட்பவர் பல இடங்களில் சிறுவரே. 2008-இல் 'மதிப்பு' என்னும் இயக்கத்தைத் தொடங்கி, பெற்றோர் நிற்கும் பக்கத்தில் கயிறு கட்டினர். 2019-20 பருவத்திலிருந்து அடித்தள ஆட்டங்களில் நடுவரை எதிர்த்துப் பேசும் ஆட்டக்காரரைப் பத்து நிமிடம் வெளியே அமர்த்தினர். 2023-இல் நடுவர் மார்பில் ஒளிப்படக் கருவி பொருத்தியும் சோதித்தனர். கருவி வரைக்கும் போக நேர்ந்ததே என்று எனக்கு வருத்தமே.

என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு குறுவட்ட ஆட்டத்தில், எல்லைக்கோட்டிலிருந்து கைகளால் எறியப்பட்ட பந்தை ஒரு சிறுவன் நேரே வாங்கிக் கோலடித்தான். கொடி உயர்ந்தது, நான் ஆஃப்சைடு என்று ஊதினேன். அவ்வணியின் பயிற்றுநர், என்னினும் வயதில் மூத்தவர், கோட்டருகே வந்து கத்தினார். வெளியேற்றிவிடுவேன் என்று மிரட்டினேன். எதிரணி பந்தை உதைத்து ஆட்டம் தொடர்ந்தது. அதன்பின்தான், கையெறிதலிலிருந்து நேரே பந்து பெறுபவர்க்கு ஆஃப்சைடு இல்லை என்னும் விதி நினைவுக்கு வந்தது. ஆட்டம் மீண்டும் தொடங்குமுன் நடுவர் தம் தீர்ப்பைத் திருத்தலாம், தொடங்கியபின் முடியாது. அவ்வணி ஒரு கோல் வேறுபாட்டில் தோற்றது.

ஆட்டம் முடிந்ததும் அவரிடம் சென்றேன். "சார், அந்தக் கோல் செல்லும். பிழை என்னுடையது" என்றேன்.

அவர் சற்று நேரம் என்னைப் பார்த்தார். "தம்பி, இதை என்னிடம் சொல்ல வேண்டாம். பிள்ளைகளிடம் சொல்லுங்கள்" என்றார்.

காலணிகளைக் கழற்றிவிட்டு வேப்பமரத்தடியில் அமர்ந்திருந்த பதினொரு பேரிடமும் சென்று சொன்னேன். கோலடித்த சிறுவன் எழுந்து நின்று, "அப்படியென்றால் மறுபடியும் ஆடலாமா சார்?" என்று கேட்டான். எனக்கு வாய் எழவில்லை. அவனுடைய பயிற்றுநர்தான் விடை சொன்னார்: "இல்லையப்பா, முடிந்துவிட்டது. பையை எடு, பேருந்துக்கு நேரமாகிறது."