முப்பது விநாடி வீடியோவை நம்பி மருந்து வாங்கலாமா?

உத்திரமேரூர் பக்கத்து உரக்கடைகளில் நவரைப் பருவத்தில் ஒரு புதுப் பழக்கத்தைப் பார்க்கலாம். முன்பெல்லாம் பூச்சி விழுந்த தூரையோ, மஞ்சளான இலையையோ பிடுங்கி வந்து காட்டி மருந்து கேட்பார்கள். இப்போது செல்போனை நீட்டி, "இதுல வர்ற மருந்து இருக்குதாண்ணே?" என்று கேட்கிறார்கள். போனில் ஓடுவது முப்பது விநாடி காமெடி வீடியோ. வரப்பில் மாமனாரும் மருமகனும் சண்டை போடுகிறார்கள், அல்லது யாரோ வடிவேலு வசனத்துக்கு வாயசைக்கிறார்கள். கடைசி ஐந்து விநாடியில் ஒரு பாட்டில் வருகிறது. வாடிய பயிர் பச்சைப் பசேல் என்று மாறி நிற்கிறது.

சிரிப்பதில் தவறே இல்லை. ஆனால் அந்தச் சிரிப்போடு கடைக்குப் போய்ப் பணம் கொடுக்கும் முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

ரேடியோ நெல்லில் இருந்து ரீல்ஸ் வரை

ஊடகத்தைக் கேட்டு விவசாயம் செய்வது நமக்குப் புதிதல்ல. 1960களில் தஞ்சைப் பகுதியில் ஆடுதுறை 27 நெல் பரவியபோது, விவசாயிகள் அதற்கு வைத்த பெயரே 'ரேடியோ நெல்'. வானொலியில் கேட்டுத் தெரிந்துகொண்ட ரகம் என்பதால் அந்தப் பெயர். ஆனால் அந்த ரகம் ஆராய்ச்சி நிலைய வயலில் சோதித்துப் பார்த்த ரகம். சொன்ன வானொலிக்கு அதில் விற்பனை லாபம் கிடையாது.

இன்று நிலைமை வேறு. 2020 ஜூனில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த சில மாதங்களிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் யூடியூப் ஷார்ட்ஸும் இந்தியாவுக்கு வந்துவிட்டன. விற்பவரே நேராக உங்கள் கைக்குள் வந்து பேசுகிறார். அதுவும் விளம்பரம் என்று தெரியாதபடி, நகைச்சுவையாகப் பேசுகிறார்.

சிரிப்பு எப்படி விற்கிறது?

மூன்று காரணங்கள். முதலாவது, 'இந்த மருந்து நல்லது' என்று தொடங்கினால் விரல் உடனே தள்ளிவிடும். சிரிப்பு வந்தால் விரல் நிற்கும். இரண்டாவது, விளம்பரத்தை யாரும் மற்றவருக்கு அனுப்புவதில்லை, ஜோக்கை அனுப்புவோம். மச்சான் அனுப்பிய வாட்ஸ்அப் என்றால் அதில் வரும் பொருள் மீதும் கொஞ்சம் நம்பிக்கை ஒட்டிக்கொள்கிறது. மூன்றாவது, சிரித்தபோது கேட்ட பெயர் மனதில் தங்கும். கடையில் நின்றதும் முதலில் வாயில் வருவது அந்தப் பெயர்தான்.

நகைச்சுவை விளம்பரம் எல்லாமே ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. அமுல் வெண்ணெய் 1966 முதல் புள்ளிப் பாவாடைச் சிறுமியை வைத்து நாட்டு நடப்பைக் கிண்டல் செய்து வருகிறது. இன்று அதே கிண்டல் சமூக ஊடகத்திலும் வருகிறது. ஃபெவிகால் விளம்பரத்தில் ஆட்கள் அடைசலாகத் தொங்கும் பேருந்து குண்டும் குழியுமான பாதையில் ஆடிக்கொண்டு போகும், ஒருவரும் கீழே விழமாட்டார்கள். பார்க்கிறவருக்கு அது மிகைப்படுத்தல் என்று தெரியும். அதை நம்பி யாரும் பேருந்தின் மேல் கோந்து தடவுவதில்லை. வெண்ணெய் பிடிக்காவிட்டால் நஷ்டம் ஒரு பொட்டலத்தோடு போகும்.

வயலுக்கு வரும் மருந்து அப்படியல்ல. தவறான மருந்தை அடித்தால் மருந்துச் செலவும் கூலியும் போகும். பருவம் தவறிவிட்டால் மகசூலும் போகும்.

முப்பது விநாடியில் தெரியாதது

புகையானை எடுத்துக்கொள்ளுங்கள். வீடியோவில் மருந்து அடித்ததும் பூச்சிகள் தண்ணீரில் கொட்டுகின்றன, நடிகர் மீசையை முறுக்குகிறார். அடித்தது சிந்தெடிக் பைரித்ராய்டு வகை மருந்து என்றால், அடுத்து நடப்பது வீடியோவில் வராது. அந்த மருந்து புகையானைத் தின்னும் சிலந்திகளையும் நாவாய்ப் பூச்சிகளையும் சேர்த்துக் கொல்கிறது. இலை உறைக்குள் இருக்கும் புகையான் முட்டைகள் தப்பிவிடும். ஒரு வாரம், பத்து நாளில் அவை பொரிக்கும்போது தின்பதற்கு எதிரி இல்லை. முன்பைவிடப் பல மடங்காகப் பெருகும். புகையானுக்கு இந்த வகை மருந்துகளை அடிக்கக் கூடாது என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது இதனால்தான்.

மருந்துக்கு முன்பே செய்ய வேண்டியவை உண்டு. தண்ணீரை வடித்துக் காய விடுங்கள். நடவின்போதே எட்டடிக்கு ஓரடி பட்டம் விடுங்கள். யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். தூரைப் பிரித்து எண்ணிப் பாருங்கள்: சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1 பூச்சி, குத்துக்கு ஒரு சிலந்தி இருக்கும் வயலில் தூருக்கு 2 பூச்சி என்ற அளவைத் தாண்டினால்தான் மருந்து. அதையும் தூரின் அடியில் படும்படி அடிக்க வேண்டும்.

'முன்பு - பின்பு' வீடியோக்களும் இப்படித்தான். நட்ட 20ஆம் நாள் வயலையும் 35ஆம் நாள் வயலையும் அடுத்தடுத்துக் காட்டினால் எந்தப் பயிரும் வளர்ந்துதான் இருக்கும். நடுவில் போட்ட மேலுரம் வீடியோவில் தெரியாது. ஏக்கருக்கு ஒரு கிலோ 19:19:19 தெளித்தால் கிடைக்கும் தழைச்சத்து 190 கிராம். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருப்பது 20.7 கிலோ. இலைவழி உரம் தேவையான நேரத்தில் உதவும். 'இதை அடித்தால் மூட்டை உரமே வேண்டாம்' என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னால், இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

லேபிளில் எழுத முடியாததை வீடியோ சொல்கிறது

'பாதுகாப்பானது', 'விஷமற்றது', 'தீங்கற்றது' போன்ற சொற்களை லேபிளில் அச்சிட 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் அனுமதிப்பதில்லை. வீடியோவிலோ முகக்கவசம், கையுறை இல்லாமல், சட்டையை மடித்துவிட்டுப் பாட்டுப் பாடியபடி மருந்து அடிக்கிறார்கள். 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களுமாக 20 பேருக்கு மேல் நஞ்சேறி இறந்தார்கள். அங்கே பாதுகாப்புக் கவசம் இல்லாததும் ஒரு காரணம்.

ஆகவே பாட்டிலைக் கையில் வாங்கியதும் லேபிளைப் பாருங்கள். முக்கோணம் சிவப்பா, மஞ்சளா, நீலமா, பச்சையா? சிவப்பு மிகக் கொடிய நஞ்சு. பதிவு எண் இருக்கிறதா? உங்கள் பயிரும் உங்கள் பூச்சியும் அதில் எழுதப்பட்டிருக்கிறதா? அறுவடைக்கு எத்தனை நாள் முன் நிறுத்த வேண்டும்? பேட்ச் எண், காலாவதி தேதியோடு பில் கேட்டு வாங்குங்கள்.

பூக்க வைக்கும், தூர் வெடிக்க வைக்கும் என்று சொல்லி விற்கப்படும் 'பயோ ஸ்டிமுலன்ட்' ஊக்கிகளில் இன்னும் கவனம் தேவை. இவை 2021இல்தான் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்தன. கட்டுப்பாடின்றிச் சுமார் 30,000 பொருள்கள் விற்கப்பட்டு வந்ததாகவும், கண்டிப்பான சோதனைக்குப் பின் அது ஏறக்குறைய 650 ஆகக் குறைந்ததாகவும் 2025 ஜூலையில் மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் கூறினார். வீடியோவில் பார்த்த ஊக்கி அனுமதி பெற்றதுதானா என்று வேளாண் அலுவலரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வீடியோவில் நடிப்பவருக்கும் பொறுப்பு உண்டு. பணமோ பொருளோ பெற்றுக்கொண்டு பேசினால் அது விளம்பரம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டுதல் வெளியிட்டது. தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி தயாரிப்பாளருக்கும் பரிந்துரைப்பவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

இங்கே உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலையில் சேர்க்கக் கூடாது என்று அது சொல்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் ஊர்ப் பொறுப்புக்கு வைத்த அந்த விதியை நம் வயலுக்குள் வரும் பாட்டிலுக்கும் வைக்கலாம். மருந்து தன் கணக்கைக் காட்டும் இடம் லேபிள்தான்.

ஒரு பட்டத்தை விட்டுவையுங்கள்

லேபிள் சரியாக இருந்தும் பலன் உண்டா என்ற சந்தேகம் வந்தால், அதைத் தீர்க்க உங்கள் வயலே போதும். ஊக்கியோ இலைவழி உரமோ அடிக்கும்போது வயலின் குறுக்கே ஒரு பட்டத்தை மட்டும் அடிக்காமல் விடுங்கள். நான்கு மூலையிலும் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். மற்ற உரம், தண்ணீர், களையெடுப்பு எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுபோல் இருக்கட்டும். இலையின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அறுவடை வரை பொறுங்கள்.

அடித்த பக்கத்திலும் அடிக்காத பட்டத்திலும் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து தனித்தனியே அறுத்து, அடித்து, எடை போடுங்கள். முடிந்தால் பக்கத்துக்கு இரண்டு மூன்று இடங்களில் எடுத்துச் சராசரி பாருங்கள். ஓர் ஏக்கரில் இப்படி 162 கட்டங்கள் அடங்கும். கட்டத்துக்கு 300 கிராம் கூடுதல் என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 49 கிலோ நெல். அந்த நெல்லின் விலை, பாட்டில் விலையையும் அடித்த கூலியையும் தாண்டுகிறதா? தாண்டினால் அடுத்த பருவமும் வாங்குங்கள். இல்லையென்றால் வீடியோவை மட்டும் பாருங்கள், அது இலவசம்.

பூச்சிமருந்தில் இந்தச் சோதனை வேண்டாம். தாக்குதல் அளவைத் தாண்டிய வயலில் ஒரு பட்டத்தை விட்டுவைத்தால் அங்கிருந்து பூச்சி பரவும்.

நம் விளைபொருளை விற்கவும் இதே குறும்படம் உதவும். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்து 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது, கிராமத்துப் பேச்சும் கேலியும் துணை இருந்ததால்தான். உங்கள் செக்கு எண்ணெய்க்கும் தர்பூசணிக்கும் நீங்களே வீடியோ எடுங்கள். உள்ளதைச் சொல்லிச் சிரிக்க வையுங்கள்.

சந்தேகம் இருந்தால் உத்திரமேரூர் வேளாண்மை விரிவாக்க மையத்தையோ காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். கிசான் கால் சென்டரின் கட்டணமில்லா எண் 1800-180-1551, காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை. தவறான விளம்பரம் பற்றிய புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.