பாழ்ங்கோயிலும் பேய்ப்படமும்

பேய் எங்கே குடியிருக்கும் என்று கேட்டால் நம் ஊர்ச் சிறுவர் தயங்காது விடை கூறுவர். புளியமரத்தில், சுடலையில், ஆளற்ற வளவிலுள்ள பாழுங் கிணற்றில். கோயிலில் என்று ஒருவரும் சொல்லார். சொல்ல வாயெடுத்தால் வீட்டுப் பெரியவர்கள் விடவும் மாட்டார்கள். அவ்வாறிருக்க, 1984ஆம் ஆண்டில் பம்பாயில் எடுக்கப்பெற்ற பேய்ப்படமொன்று 'புரானா மந்திர்', அதாவது 'பழைய கோயில்', என்னும் பெயரைச் சூடிக்கொண்டு வெளிவந்து, வடநாட்டுச் சிறு நகரங்களின் படக்கொட்டகைகளுக்குக் கூட்டங் கூட்டமாக மக்களை இழுத்தது.

இத்தகைய படங்களைப் பற்றியும் எழுதுவதா என்று வாசகர்கள் சிலர் முகஞ் சுளிக்கலாம். இவை உயர்ந்த கலை என்று நாமும் கூறவில்லை. பயமுறுத்த வந்து, சிரிக்க வைத்துவிட்டுப் போகும் படங்கள் இவை. எனினும், கோயிலைப் பேயின் வீடாக்கப் புறப்பட்டவர்கள் எந்த இடத்தில் கால் தடுக்கி நின்றார்கள் என்பதை உற்று நோக்கினால், நம் கோயில்களைப் பற்றியே ஓர் உண்மை புலப்படுகின்றது. அதன் பொருட்டே இதனை எழுதுகின்றோம்.

படத்தை எடுத்தவர்கள் ராம்சே சகோதரர்கள். பெயரைக் கேட்டு வெள்ளையர் என்று எண்ணிவிட வேண்டாம். அவர்கள் தந்தை பதேசந்த் ராம்சிங்கானி, கராச்சி நகரில் வானொலிப் பெட்டிக் கடை வைத்திருந்த சிந்தி வணிகர். கடைக்கு வந்த ஆங்கிலேயர் வாயில் அந்த நீண்ட பெயர் நுழையாமையால் அது 'ராம்சே' என்று குறுகியதாம். 1947இல் நாடு பிரிந்தபோது குடும்பத்தோடு பம்பாய்க்கு வந்த அவர், சினிமாவிலும் கை வைத்தார். 1970இல் அவர் எடுத்த 'ஏக் நன்ஹீ முன்னீ லட்கீ தீ' என்னும் படம் ஓடவில்லை. ஆயினும் அதில் ஒரு காட்சி: பெருநடிகர் பிருதிவிராஜ் கபூர் கோர முகமூடி அணிந்து நூதனசாலையில் களவெடுக்கப் புகுவார். அந்தக் காட்சிக்கு மட்டும் கொட்டகை அதிர்ந்தது. தந்தையார் நட்டக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்க, மக்கள் அந்த அதிர்ச்சியைக் கணக்கெடுத்துக்கொண்டார்கள். படம் முழுவதும் அப்படியே இருந்தால் என்ன?

மக்கள் எழுவர். துளசியும் சியாமும் நெறிப்படுத்துவர். குமார் கதை எழுதுவார். கங்கு படம் பிடிப்பார். கிரண் ஒலியைக் கவனிப்பார். அர்ஜுன் படத்தொகுப்புச் செய்வார். கேசு தயாரிப்பையும் ஒளிப்பதிவையும் பார்ப்பார். வெளியாருக்குக் கூலி கொடுக்க வேண்டிய வேலைகளில் பெரும்பகுதி வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். 1972இல் வந்த அவர்களுடைய முதலாவது பேய்ப்படமான 'தோ கஜ் ஜமீன் கே நீச்சே' மூன்றரை இலட்சம் ரூபா அளவில் முடிந்ததென்று கூறுவர். அரங்கம் அமைக்கப் பணமில்லை; ஆகவே மகாபலேசுவரத்து விருந்தினர் விடுதியொன்றில் நடிகரும் தொழிலாளரும் குடும்பத்தாருமாகத் தங்கி, அங்கேயே சமைத்துண்டு படத்தை முடித்தார்கள். நம் ஊரில் கூட்டுக் குடும்பமாக நெல்லறுப்பது போல அவர்கள் பேய் அறுத்தார்கள் எனலாம்.

இனிப் 'பழைய கோயி'லின் கதைக்கு வருவோம். இருநூறு ஆண்டுகளுக்கு முன் சாம்ரி என்னும் கொடியவன் ஒருவன் இருந்தான். மணப்பெண்களைக் கொன்றும், புதைத்த குழந்தைகளைத் தோண்டித் தின்றும் திரிந்த அவனை அரசன் ஒருவன் பிடித்துத் தலையை வெட்டுவித்தான். தலை ஒரு பெட்டியில் அடைக்கப்பெற்று, மேலே சிவபெருமானின் திரிசூலம் சாத்தப்பெற்று அரண்மனையில் வைக்கப்படுகின்றது. உடல் பழைய கோயிலின் பின்புறத்தே புதைக்கப்படுகின்றது. இறக்கும்போது அவன் இட்ட சாபம், அவ்வரச குலத்துப் பெண்கள் யாவரும் மகப்பேற்றின்போது மாண்டுபோவர் என்பது. அக்குலத்தில் இக்காலத்திற் பிறந்த சுமன் என்னும் பெண் ஒருவனைக் காதலிக்கின்றாள். தந்தை தடுக்கின்றார். காரணத்தை அறிந்த காதலர் சாபத்தின் வேரைத் தேடிப் பழைய அரண்மனைக்குப் புறப்படுகின்றனர். அப்புறம் நடப்பவற்றை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றால் யாரோ ஒருவன் திறந்தே தீருவான்.

சாம்ரியாக வந்தவர் அஜய் அகர்வால் என்று அந்நாளில் பெயர் போட்டுக்கொண்ட அனிருத் அகர்வால். ரூர்க்கியிற் படித்த பொறியியலாளர். உயர்ந்த உருவமும் நீண்ட முகமும் கொண்ட அவர் சும்மா நின்றாலே போதும். ஒப்பனைக்காரருக்கு வேலை குறைவு. அவர் வருமிடமெல்லாம் பச்சை ஒளியும் நீல ஒளியும் மாறி மாறி விழும், புகை எழும், மழை பெய்யாமலே இடி முழங்கும். இந்தப் பயங்கரத்தின் நடுவே, 'ஷோலே' படத்துக் கொள்ளைக்காரனைப் பரிகாசஞ் செய்து ஜெகதீப் 'மச்சர் சிங்' என்று ஒரு தனிக் கூத்து அடிப்பார். மச்சர் என்றால் நுளம்பு. கதைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பேயைக் கண்டு நடுங்கிய பிள்ளைகளுக்கு ஓய்வு கொடுக்க வைத்தார்கள் போலும். குளியலறைக் காட்சிகளும் இடையே வருகின்றன. குடும்பத்தோடு பார்க்க எண்ணுவோர் இதனை முன்னரே அறிந்திருப்பது நன்று.

இனி நாம் கவனிக்க வேண்டியது, சாம்ரியின் உடல் புதைக்கப்பட்ட இடத்தை. படத்தின் பெயர் கோயில். ஆனால் பிணம் கோயிலுக்குள்ளே இல்லை, பின்புறத்தே கிடக்கின்றது. பேய்ப்படம் எடுத்துப் பணம் பண்ண வந்தவர்களுக்கு மூலத்தானத்தின் கீழேயே அவனைப் புதைத்திருந்தால் இன்னும் பயங்கரமாக இருந்திருக்குமே! ஏன் அவ்வாறு செய்யவில்லை? அவர்கள் பயந்தார்கள் என்பதைவிட, அப்படி ஒன்று அவர்களுக்கோ பார்ப்பவர்களுக்கோ தோன்றவே முடியாது என்பதே நம் அபிப்பிராயம்.

ஐரோப்பாவில் எடுத்த இதே வகைப் படங்களை அருகில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். அங்கே தேவாலயம் என்பது இறந்தோரும் வாழும் வீடு. இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் தளத்தில் நடப்பவர்கள் மன்னர்களும் புலவர்களும் உறங்கும் கல்லறைகள் மீதே நடக்கின்றார்கள். உரோமாபுரியிலே கப்புச்சின் துறவிகளின் நிலவறையில் ஏறக்குறைய 3,700 துறவிகளின் எலும்புகளைக் கொண்டு சுவரையும் கூரையையும் அலங்கரித்திருக்கின்றார்கள். ஸ்பெயின் நாட்டில் ஊரவர் பலரும் கோயிற் றளத்தின் கீழேயே அடக்கஞ் செய்யப்பெற்றனர். நோய் பரவுதற்கு அஞ்சி மூன்றாம் சார்ள்ஸ் மன்னன் 1787இல் ஊருக்கு வெளியே மயானம் அமைக்கும்படி கட்டளையிட்டான். கத்தோலிக்க மரபில் பலிபீடத்தினுள்ளேயே தியாகிகளின் திருப்பண்டங்கள் வைக்கப்படுவதும் உண்டு. இறந்தவர் இறைவன் அருகே உயிர்த்தெழுதலுக்குக் காத்திருக்கின்றனர் என்பது அவர்கள் நம்பிக்கை. அழகிய நம்பிக்கைதான். ஆனால் காத்திருப்பவர் தவறான வேளையில் எழுந்துவிட்டால்?

ஸ்பானிய நெறியாளர் அமாந்தோ தே ஒசோரியோ இந்தக் கேள்வியையே படமாக்கினார். 1972இல் வந்த 'லா நோச்சே தெல் தெரோர் சியேகோ' பாழடைந்த மடம் ஒன்றில் நடக்கின்றது. சிலுவைப் போர்க்காலத்துத் தெம்பிளர் வீரர்கள், பாப்பரசர் ஐந்தாம் கிளெமெந்து 1312இல் கலைத்த அதே சபையினர், அங்கே புதைந்து கிடக்கின்றனர். சாத்தானை வழிபட்டு இரத்தங் குடித்தமைக்காகத் தூக்கிலிடப்பெற்றவர்கள் என்பது கதை, வரலாறு அன்று. தொங்கிய பிணங்களின் கண்களைப் பறவைகள் கொத்திவிட்டன. ஆகவே எழுந்து வரும் எலும்புக் கூடுகளுக்குக் கண் தெரியாது. ஓசையைக் கொண்டே ஆளைத் தேடும். ஒளிந்து நிற்பவளின் நெஞ்சு துடிக்கும் ஒலியே அவளைக் காட்டிக்கொடுக்கும் என்னும் கற்பனைக்கு மட்டும் நாம் தலை வணங்குகின்றோம். குதிரைகள் மெல்ல மெல்ல, கனவில் ஓடுவன போல ஓடி வரும். அந்தோன் கார்சியா அப்ரீல் அமைத்த பின்னணி இசையில் பழைய மடத்துத் துறவிகளின் செபப் பாட்டுத் தலைகீழாகப் புரண்டது போன்ற ஓலம் கேட்கும். செலவு குறைந்த படந்தான்; முகமூடிகள் முகமூடிகள் என்றே தெரிகின்றன. எனினும் சிரிப்பு வரத் தாமதமாகின்றது.

அப்பொழுது ஸ்பெயினில் ஜெனரல் பிராங்கோவின் ஆட்சி. கத்தோலிக்கமே அரச சமயம். கதையை அயல்நாடான போர்த்துக்கலில் நடப்பதாக வைத்தது அதனாற்போலும். இவ்வரிசையில் 1975 வரை மேலும் மூன்று படங்கள் வந்தன. நம் கவனத்தை ஈர்ப்பது, முதற் படத்தில் எந்தச் சிலுவையும் எவரையும் காக்கவில்லை என்பது. மடமே பகையாகிவிட்ட பின் அபயம் தேட வேறிடம் இல்லை.

இந்த அச்சத்தை நம் கோயிலுக்கு அப்படியே கொண்டுவர இயலாது. சைவ ஆலயத்தில் சாவுக்கு இடமில்லை. வீதியிலே பிரேதம் கிடந்தால் அது எடுக்கப்படும் வரை பூசை நிற்கும். செத்தவீடு நடந்த குடும்பத்தார் முப்பத்தொரு நாள் துடக்குக் காத்து, அந்தியேட்டி முடித்த பின்னரே கோயிலுக்குட் செல்வர். விலக்கு ஒன்று உண்டு: சோழர் காலத்துப் பள்ளிப்படைகள். முதலாம் இராசேந்திரன் தன் சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்காகப் பழையாறைப் பகுதியில் எடுத்த கோயில் அவ்வகையினது. ஆனால் அங்கும் இறந்தவர் பிணமாகக் காத்திருக்கவில்லை. மேலே இலிங்கம் தாபிக்கப்பெற்றுப் பூசை தொடங்கிவிட்டது. சித்தர் சமாதிகளும் அத்தகையனவே. அவற்றைக் கும்பிடுகின்றோம்; கண்டு ஓடுவதில்லை.

அப்படியானால் 'பழைய கோயில்' என்ற பெயரைக் கேட்டவுடன் வடநாட்டு மக்கள் நெஞ்சில் ஏன் திகில் பிறந்தது? 'பழைய' என்ற சொல்லிலேதான் விடை இருக்கின்றது. விளக்கு எரியாத கோயில், மணி கேளாத கோயில், ஆள் போகாத கோயில். உள்ளே ஏதோ வந்துவிட்டது என்ற அச்சம் அன்று. உள்ளே இருந்தவர் போய்விட்டாரோ என்னும் அச்சம். தேவாலயப் படத்தில் இறந்தோர் எழுகின்றனர். கோயிற் படத்தில் உயிருள்ளோர் கைவிட்டிருக்கின்றனர்.

இவ்வச்சம் நமக்குப் படத்தில் மட்டும் பழக்கமானதன்று. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்த பின் எத்தனை கோயில்கள் விளக்கேற்ற ஆளின்றிக் கிடந்தன! காணிகள் பகுதி பகுதியாக விடப்பட்டபோது திரும்பிச் சென்றவர்கள் கண்டவை கூரையற்ற மண்டபங்களும் பற்றைக்காடும் சுவரைப் பிளந்த ஆலவேரும். இராம்சேயின் படப்பிடிப்பாளர் கண்டால் காசு கொடுத்து வாங்கியிருப்பார். ஆனால் பேய் குடிபுகுந்துவிட்டது என்று எவரும் கூறியதை நாம் கேட்டதில்லை. பற்றையை வெட்டினார்கள், ஒரு சிட்டியில் எண்ணெய் விட்டுத் திரியைக் கொளுத்தினார்கள். வீட்டுக்குக் கூரை போடுமுன் அதைச் செய்தவர்களும் உண்டு.

இந்தப் படம் சமயத்தை இழிவுபடுத்துகின்றது என்று கூறுவோரோடு நாம் உடன்படாமைக்கு இதுவே காரணம். பெட்டியில் தலையை அடக்கி வைப்பது திரிசூலம்; கடைசியில் சாம்ரிக்கு முடிவு கட்டத் துணை நிற்பதும் அதுவே. பார்ப்பவர் நம்பிக்கை அசையாமல் வீடு திரும்புகின்றார். மேலும் அந்தச் சாபத்தை எண்ணிப் பாருங்கள். பிள்ளைப்பேற்றில் தாய் இறப்பது அந்நாளில் வடநாட்டுச் சிற்றூர்களில் கட்டுக்கதை அன்று. அடுத்த வீட்டுச் செய்தி. பச்சை ஒளிக்கும் புகைக்கும் சிரித்தவர்களும் அந்த ஒரு காட்சியில் சிரித்திருக்க மாட்டார்கள்.

சகோதரர்கள் 1993இல் தொலைக்காட்சிக்குச் சென்று 'ஸீ ஹாரர் ஷோ' என்னும் தொடரால் வீட்டுக்குள்ளேயே பேயைக் கொணர்ந்தனர். துளசி 2018இலும் சியாம் 2019இலும் காலமாயினர். சாம்ரியோ அவ்வளவு இலகுவிற் போகவில்லை. 1984இல் தீக்கிரையான அவன், அடுத்த ஆண்டே வேறொரு கதையில், அதே நடிகரின் உருவில், அதே பெயரோடு, முப்பரிமாணப் படமாக எழுந்து வந்தான். இம்முறை அவனைக் காண மக்கள் கண்ணாடி வேறு அணிய வேண்டியிருந்தது.